ஐஸ் கம்பெனி ஓனர் சொன்னதற்கு அர்த்தம்

எங்கள் பெண்கள் கபடி அணியின் கோச் வேலை மாற்றல் வாங்கிக்கொண்டு தெற்கே போய்விட்ட மே மாதத்தில், பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் மீன் பேச்சைவிட ஓனர் பேச்சு அதிகமாக இருந்தது. தடைக்காலம் வேறு. பெரிய போட்டுகள் கடலுக்குப் போகாமல் கரையில் நின்றன. ஏரியில் மட்டும்தான் தொழில். ஆட்களுக்கு நேரம் நிறைய இருந்தது, பேசுவதற்கு ஒரு மனிதர் கிடைத்திருந்தார்.

ஓனர் என்றால் அணியின் ஓனர். பொன்னேரி தாலுகாவில் ஊருக்கு ஊர் வியாபாரிகள் ஆளுக்கு ஓர் அணியை வைத்துக்கொண்டு நடத்தும் லீக் அது. எங்கள் அணியில் ஆடுகிறவர்கள் எல்லோரும் கடற்கரைப் பெண்கள். ஓனர் மட்டும் கடற்கரைக்காரர் இல்லை. உள்ளே தள்ளி நெல் விளைகிற ஊரில் பிறந்தவர். நிலத்தில் பாதியை விற்றுப் பழவேற்காடு சாலையில் ஐஸ் கம்பெனி போட்டவர். எங்கள் மீனெல்லாம் அவருடைய ஐஸில்தான் சென்னைக்குப் போகிறது. அந்த உறவில்தான் அணியை எடுத்தார்.

என் அக்கா அந்த அணியின் கேப்டனாக இருந்தவள். முட்டி ஜவ்வு கிழிந்த பிறகு ஆட முடியாமல் போனது. பழைய கோச்சுக்கு உதவியாக மைதானத்திலேயே இருந்துவிட்டாள். பெண்களுக்கு வார்ம்-அப் கொடுப்பாள், கணுக்காலுக்கு டேப் சுற்றுவாள், யாருக்கு மாதவிலக்கு என்று கோச்சிடம் வாய்விட்டுச் சொல்லாமலே ஆளை மாற்றி இறக்கிவிடுவாள். உடற்கல்வியில் பட்டயமும் முடித்திருந்தாள். கோச் போனதும் அந்த இடத்தில் அவளைத் தவிர வேறு யாரையும் எங்கள் வீட்டில் எவராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அதே வாரத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. பி.டி. டீச்சர் வேலை, கூடவே விடுதிப் பொறுப்பு. அங்கேயே தங்க வேண்டும், மாலையில் வீடு திரும்ப முடியாது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். சரி என்றால் அணி போயிற்று. வேண்டாம் என்று சொல்லி, ஓனர் வேறு ஆளைப் போட்டுவிட்டால் இரண்டும் போயிற்று. ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. ஓனர் மனதில் யார் இருக்கிறார்?

முதல் பேச்சு ஒரு வீடியோவில் வந்தது. எங்கள் பகுதிச் செய்திகளைப் போனில் எடுத்துப் போடுகிற இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவர் டீக்கடையில் ஓனரை மடக்கி, கோச் யாரண்ணா என்று கேட்டிருந்தார். ஓனர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "மெட்ராஸ்ல ஒருத்தர் பேசிட்டு இருக்காரு. இங்க இருந்து யாரும் வந்து கேக்கலையே. கேட்டு வர்றவங்கள்ல ஒருத்தரத்தான் போடுவேன்."

அப்பா, எங்களுக்கு நைனா, அதை என் போனில் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மெட்ராஸ்காரன்னு சொல்லிட்டாரா? அப்ப நம்ம பொண்ணுதான். முடிஞ்சிபோச்சி."

வெளியார் யாராவது கேட்டால் குழம்பிப் போவார்கள். எங்களுக்கு அதில் குழப்பமே இல்லை. கரையேறுகிற படகைப் பார்த்து 'இன்னா மீனு?' என்று கேட்டால், 'ஒண்ணுமில்ல, கொழம்புக்குத்தான்' என்பதுதான் பதில். படகு இறாலில் அமிழ்ந்து வந்தாலும் அதே பதில்தான். வடக்கே வலை விட்டவர் தெற்கே போனேன் என்பார். கேட்கிறவருக்கும் அது தெரியும். இடத்தைச் சொல்லிவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் தண்ணீர் தெரியாது, வலைதான் தெரியும். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. பேசுகிற முறை அது.

அம்மா தலையில் கூடை வைத்து மீன் விற்கிறவள். அவள் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தாள். "கூடைக்குள்ள கைய வுட்டு, இன்னாம்மா செவுளு வெளுத்துக்கீதுன்னு சொல்றா பாரு, அவதான் வாங்குவா. நல்லா கீதுன்றவ நடந்துனே இருப்பா."

அக்கா இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் சந்தோஷமாக இருந்தால் சாப்பிடுவாள்.

அவளுக்கு இளையவளான நான் மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்கு மனம் நிலைக்கும். போனில் ஒரு அட்டவணை ஆரம்பித்தேன். ஓனர் சொன்னது, எங்கே சொன்னார், கேட்டது யார், ஊர் சொல்லும் அர்த்தம். கடைசிக் கட்டத்தில் 'அக்கா' என்று எழுதினேன்.

இரண்டாவது பேச்சு எங்கள் குப்பத்து அம்மன் கோயில் திருவிழாவில். ஓனர் மோர்ப் பந்தலுக்கு ஐஸ் கொடுத்திருந்தார். மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போட்டார்கள். மைக்கைப் பிடித்து நன்றி சொன்னவரை விடாமல் கீழேயிருந்து, "கோச்சு?" என்று நாலைந்து குரல்கள்.

"அவசரம் ஒண்ணுமில்லீங்க. யாரு வேணா வந்து கேக்கலாம். ஞாயித்துக்கெழம சொல்லிடுவேன்."

பந்தலுக்குள் அர்த்தம் எடுக்கும் வேலை ஆரம்பித்துவிட்டது. அவசரமில்லை என்றால் தலைபோகிற அவசரம். யார் வேண்டுமானாலும் என்றால் ஒரே ஒருவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் எப்போதோ முடிவாகிவிட்டது. பக்கத்து வீட்டு மாமா என்னைத் தனியாக அழைத்தார்.

"மைக்க எடது கையில புடிச்சாரு, பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"சோத்தாங்கைக்காரன் பீச்சாங்கையில மைக்க புடிச்சா மனசுல வேற விசயம் கீதுன்னு அர்த்தம்."

"சோத்தாங்கையில மோர் டம்ளர் இருந்துச்சு மாமா."

"அத்த யாரு குடுத்தா? நம்ம ஆளுங்கதான? வேணும்னே குடுத்துக்கீறாங்க, கண்டுபுடிக்கக் கூடாதுன்னு!"

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து அட்டவணையில் 'இடது கை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்தேன். அந்த வாரம் எல்லோரையும் பிடித்திருந்த ஓனர் காய்ச்சல் எனக்கும் கொஞ்சம் இருந்தது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பேச்சைக் கேட்க உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு போனேன். அணியின் இடது கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று எதிராளியைப் பிடிக்கும் பெண், தினமும் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கா, ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வேறு எதுவும் பேசமாட்டாள்.

மூன்றாவது பேச்சுதான் எங்களைக் கவிழ்த்தது. வெள்ளிக்கிழமை ஏலக் கூடத்தில், அம்மாவோடு மீன் எடுக்கிற அத்தை ஒருத்தி பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டாள்: "ஏன்ணா, நம்ம கேப்டன் பொண்ணு இல்லியா? அவள போட்டா இன்னா?"

ஓனர் சொன்னார்: "நல்ல பொண்ணும்மா. ஆட்டம் தெரிஞ்ச பொண்ணு. அது வந்தா நல்லாத்தான் இருக்கும்."

அம்மா வீட்டுக்கு வந்து கூடையைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள். வழக்கமாகத் தொப்பென்று போடுவாள். நைனா அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா சொன்னாரு?"

"நல்ல பொண்ணுன்னு சொல்லிட்டாரு."

நைனா தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா எழுந்து போய்ப் பரணில் இருந்த பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை; புகழ்கிறவர் வாங்கமாட்டார். போதாததற்கு அன்று மாலை சென்னைக்காரர் காரில் வந்தார். ஓனரும் அவரும் கடையில் உட்கார்ந்து வறுத்த மீன் சாப்பிட்டார்கள். யார் யாருக்குப் பரிமாறினார் என்பது வரை ஊருக்குத் தெரிந்தது.

"திங்கக்கெழம வரைக்கும் இன்னாத்துக்கு?" என்றாள் அக்கா. "நாளைக்கி சாயங்காலமே ஸ்கூலுக்கு போன் பண்ணி சரின்னு சொல்லிடறேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பெட்டியின் ஒரே மூலையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. குழாயிலிருந்து கழற்றிய ஒரு பிரஷர் மீட்டர் மேஜைக்கு வந்தது. அது காட்டும் எண்ணை நம்ப முடியவில்லை என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். இதற்கு ஒரே வழிதான். நமக்கு நிச்சயமாகத் தெரிந்த அழுத்தத்தைக் கொடுத்து, அது என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கொடுத்தேன். மீட்டர் சரியாகவே காட்டியது. ஒருமுறை அல்ல, ஒவ்வொரு அளவிலும். மீட்டரில் கோளாறே இல்லை. அதைப் படித்தவர்கள்தான் அது தப்பாகக் காட்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, மனதுக்குள் ஒரு கணக்கைக் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

மீட்டரைக் கையில் பிடித்தபடியே நின்றேன். ஓனரை இப்படி யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் முன்பு சொன்ன எது, பிறகு என்னவாக நடந்தது?

அட்டவணையில் புதிதாக ஒரு பகுதி போட்டேன். போன வருஷம் ஜெர்சி மஞ்சள் நிறம் என்றார். அப்படியானால் நீலம்தான் என்று ஊரே சொன்னது. மஞ்சள்தான் வந்தது. வேன் வாங்கித் தருவேன், ஆனால் புதுசு இல்லை, பழசு என்றார். பழசுதான் வந்தது, கதவு சரியாகச் சாத்தாது. மீஞ்சூரிலிருந்து பொன்னேரிக்கு ரயிலில் வருவதற்குள் எனக்கு நினைவிருந்தது தீர்ந்துவிட்டது. பழவேற்காடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்கார அத்தையிடம் கேட்டேன்.

"அத்த, பொங்கலப்போ ஐஸு வெல ஏறிச்சே, ஓனர் முன்னாடியே எதுனா சொன்னாரா?"

"அந்தக் கதைய ஏன் கேக்குற? அடுத்த வாரம் ஏத்தப்போறேன்னு கூடத்துல நின்னு சொன்னாரு. சும்மா மெரட்றாருன்னு நாங்க வுட்டுட்டோம். பாத்தா ஏத்திட்டாரு! சொன்ன மாரியே பண்ணி ஏமாத்திட்டாரு அந்த மனுசன்."

சொன்ன மாதிரியே பண்ணி ஏமாற்றிவிட்டார். எனக்குச் சிரிப்பும் படபடப்பும் ஒன்றாக வந்தன. வீடியோவை எடுத்துக் காதில் வைத்து மறுபடி கேட்டேன். அதற்கு எந்த அர்த்தமும் சேர்க்காமல், எந்த அர்த்தமும் கழிக்காமல் கேட்டேன். இங்க இருந்து யாரும் வந்து கேக்கலையே. திருவிழாவில், யாரு வேணா வந்து கேக்கலாம். கூடத்தில், அது வந்தா நல்லாத்தான் இருக்கும். மூன்று இடத்திலும் அந்த மனிதர் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார். நான் அதை மூன்று வரிகளாக எழுதி, மூன்றுக்கும் வேறு வேறு அர்த்தம் போட்டிருந்தேன்.

அக்கா போய்க் கேட்கவே இல்லை. எங்கள் யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

பஸ்ஸிலிருந்தே போன் செய்தேன். "ஸ்கூலுக்கு பேசிட்டியா?"

"இல்ல, அஞ்சு மணிக்கு மேல பேசச் சொல்லிக்கீறாங்க. ஏன்டி கத்தற?"

"பேசாத. நான் வர்றேன். பேசாத!"

வீட்டில் பெரிய சண்டை. நான் சொல்லி முடிப்பதற்குள் நைனா எழுந்துவிட்டார்.

"போய் கேக்கறதா? கை நீட்டிக் கேக்குற குடும்பமா இது?"

அவர் கோபத்துக்கும் காரணம் உண்டு. ஏரியில் எங்களுக்குப் பாடு என்று ஒரு முறை. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு வரிசை வைத்துவிடுவார்கள். உன் பாடு வரும்போது ஊரே உனக்கு இடம் விட்டு விலகும். வராதபோது போய், எனக்குக் கொடு என்று கேட்பவனை யாரும் மதிப்பதில்லை. காத்திருக்கிறவனுக்குத்தான் மரியாதை. அக்காவும் காத்திருந்தாள். தன் பாடு வரும் என்று.

"நைனா, அவரு ஏரிக்காரரு இல்ல. நெல்லுக்காரரு. அவருக்குப் பாடுன்னா இன்னான்னே தெரியாது."

"தெரியலன்னா கத்துக்கட்டும்!"

"எப்ப கத்துக்குவாரு, நாளைக்கிக் காலையிலயா? நாளைக்கி ஞாயித்துக்கெழம நைனா."

அம்மா குறுக்கே வந்தாள். "கேட்டு, அவுரு இல்லன்னு சொல்லிட்டா? நாலு பேரு முன்னால மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

அக்கா கேட்டாள்: "நீ சொல்றது தப்பா இருந்தா?"

நான் யோசித்தேன். மஞ்சள் ஜெர்சி, பழைய வேன், ஐஸ் விலை. எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான். ஒரு மனிதரை அளக்க இது குறைவு.

"தப்பா இருக்கலாம். அவரு மெட்ராஸ்காரருக்கே சரின்னு சொல்லிட்டும் இருக்கலாம். ஆனா நேராக் கேட்டா நேராச் சொல்லுவாரு. அது மட்டும் தெரியும்."

அக்கா தலையை வாரிப் பின்னினாள். விசில் மாட்டிய கயிற்றைக் கழுத்தில் போட்டு, யோசித்து, கழற்றி வைத்தாள். "வண்டிய எடு," என்றாள்.

ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் தண்ணீர். ஓனர் முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டி, கட்டிகள் சரிந்து வருகிற பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சுற்றி லோடு ஏற்றுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். எங்களைப் பார்த்ததும் எல்லோரும் வேலையை மெதுவாக்கிக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"அண்ணா," என்றாள் அக்கா. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி கத்தினாள்: "அண்ணா! கோச் வேலை எனக்குக் குடுங்கண்ணா!"

ஓனர் கையைக் காட்டி மெஷினை நிறுத்தச் சொன்னார்.  அவர் முகத்தில் எரிச்சல்தான் தெரிந்தது.

"ஏம்மா, இத்தனை நாளா எங்க போயிருந்த?"

"இங்கதான்ணா இருந்தேன்."

"டீக்கடையில சொன்னேன். கோயில் மைக்குல சொன்னேன். நேத்து கூடத்துல உங்கம்மாவ வச்சிக்கிட்டே சொன்னேன். வந்து கேளுங்க, வந்து கேளுங்கன்னு. இன்னும் எத்தனை எடத்துல சொல்லணும்?"

"நீங்க வேற என்னமோ சொல்றீங்கன்னு நெனச்சோம்ணா."

"வேற என்னமோன்னா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.  லோடு ஏற்றுகிறவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

"மெட்ராஸ்காரருக்கு சொல்லிட்டீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"அவரு கேட்டாரு. யோசிச்சு சொல்றேன்னேன். யோசிச்சிட்டு இருக்கேன்." அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "சரி, சொல்லு. போன வருஷம் கடைசி பத்து நிமிஷத்துல நாம ஏன் தோத்துக்கிட்டே இருந்தோம்?"

அக்காவுக்கு அவருடைய எரிச்சல், மடித்துக் கட்டிய வேட்டி, சுற்றி நின்றவர்கள் எல்லாம் மறந்துபோனது தெரிந்தது. ஈரத் தரையில் காலால் கோடு இழுத்தாள்.

"எடது கார்னர்ல நிக்கிற பொண்ணையே பாடிப் போற ரெய்டுக்கும் அனுப்புறோம்ணா. ரெண்டாவது பாதியில அவளால காலத் தூக்க முடியாது. எதிர் டீமு அங்கியேதான் வரும். அவள ரெய்டுல இருந்து எடுத்துட்டு, பெஞ்சில ஒரு குட்டிப் பொண்ணு உக்காந்துனு இருக்கா பாருங்க, போனஸ் கோட்ட தொட்டுட்டு வர மட்டும் அவள இறக்கணும். பாயிண்ட் வராட்டியும் பரவால்ல. மத்தவங்களுக்கு மூச்சு வுட நேரம் கெடைக்கும்."

"இத்த பழைய கோச்சுகிட்ட சொல்லலியா?"

"அவரு கேக்கலண்ணா."

ஓனர் குனிந்து தரையில் இருந்த கோட்டைப் பார்த்தார். தண்ணீர் ஓடி அதை அழித்துக்கொண்டிருந்தது.

"உங்க ஊர்ல யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டீங்களா?" என்றார். பிறகு, "சரி. நீயே இரு. மொத மூணு மேட்ச் தோத்தா மாத்திடுவேன். மெட்ராஸ்காரர் நம்பர் என்கிட்ட இருக்கு." கையைக் காட்டினார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் அடுத்த நாள் வரை வலி இருந்தது. ஏரியோரச் சாலையில் ஐந்து மணி வெயில் சாய்ந்திருந்தது. நாங்கள் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. நைனா பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்திருந்தார், சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு.

"மூணு மேட்ச்சுன்னு சொன்னாராமே? அத்தெல்லாம் சும்மா. மூணுன்னா முழு சீசன்னு அர்த்தம். மாத்தமாட்டாரு."

"இல்ல நைனா," என்றாள் அக்கா. "மாத்திடுவாரு."

அங்கேயே, வண்டியிலிருந்து இறங்காமலே, பள்ளிக்குப் போன் போட்டு, வரமுடியாது என்றாள். மறுமுனையில் தாளாளர் கேட்டது எனக்கும் கேட்டது. வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்துவிட்டதா என்றார்.

"கெடச்சிடுச்சு சார்," என்றாள் அக்கா. "மூணு மேட்ச்சுக்கு."

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, வாழ்த்துச் சொன்னார். அவள் போனை வைத்த கையோடு இடது கார்னர் பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் 'அக்கா, ஆச்சா?' என்று ஆரம்பிப்பதற்குள், காலையில் ஷூவோடு கிரவுண்டுக்கு வா, இனிமேல் உனக்கு ரெய்டு கிடையாது என்று சொன்னாள். அந்தப் பக்கம் அந்தப் பெண் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள்.